மீகாமன் இராபர்ட் ஸ்மால்ஸ்

அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றவுடன் நம் மாணவர் உள்ளத்தில் தோன்றுவது ஆபிரகாம் லிங்கனின் நெடிய உருவமே. அடிமைத்தளையை அறுத்த பெருமகனார் அவர் என்று பள்ளிப் பருவத்திலேயே படித்துவிடுகிறோம். பிறர் வந்து அறுக்கும்வரை காத்திராமல், தம் தளையைத் தாமே அறுத்துக்கொண்டு வெளியேறியவர்களும் அந்நாட்டில் இருந்தனர். அவர்களுள் முன்வைத்து எண்ணத்தக்கவர் தென் கரோலினா மாநிலத்துக் கறுப்பினத்தவராகிய இராபர்ட் ஸ்மால்ஸ் ஆவார்.

எதிரிப் படையின் நீராவிக் கப்பல் ஒன்றை அவர்கள் துறைமுகத்திலிருந்தே ஓட்டிச் சென்ற அடிமை என்ற ஒரு செய்தியால் அவர் பெயர் அமெரிக்காவில் நிலைபெற்றுள்ளது. அச்செயல் 1862 மே மாதத்து விடியற்பொழுது ஒன்றில் சில மணி நேரத்திற்குள் நிகழ்ந்து முடிந்தது. அதன்பின் ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் வாழ்ந்தார். வரலாற்று நூலார் பலர் அவ்விடியலைப் போர்ச் செயலாக மட்டும் பாடி, எஞ்சிய வாழ்வை அதன் பின்னுரையாக்கிவிடுகின்றனர். நமக்கோ அது முதலில் ஒரு குடும்பத் தலைவரின் செயலாகவே தோன்றுகிறது. மனைவியையும் மக்களையும் விலை கொடுத்து மீட்க முயன்று இயலாமற்போன ஒருவர், அவர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். இவ்வாறு காணும்போதுதான் அவர் வாழ்வின் முற்பகுதியும் பிற்பகுதியும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

பின்கட்டுக் குடில்

ஸ்மால்ஸ் 1839 ஏப்ரல் 5 ஆம் நாள் தென் கரோலினாவின் கடலோரச் சிற்றூராகிய பியூஃபர்ட்டில் பிறந்தார். தாயார் லிடியா, மக்கீ குடும்பத்தாரின் வீட்டு அடிமை. தீவுப் பண்ணை ஒன்றிலிருந்து சிறுமியாக இருந்தபோதே பிரித்துக் கொண்டுவரப்பட்டவர். பிரின்ஸ் தெருவிலிருந்த மக்கீ இல்லத்தின் பின்கட்டில் அடிமைகளுக்கென அமைந்த குடிலில் அவர் மகனைப் பெற்றெடுத்தார். அந்த இல்லத்தை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். இவ்வரலாற்றில் அதற்கு மீண்டும் வேலை உண்டு.

சிறுவன் வீட்டில் ஓரளவு செல்லமாகவே வளர்ந்தான். அதுவே தாய்க்குக் கவலையாயிற்று. ஆண்டையின் வீட்டு முற்றத்தில் ஓடியாடித் திரியும் பிள்ளை, தான் யார் என்பதை மறந்துவிடுவானோ என்று அவர் அஞ்சினார். ஆகவே அடிமைகள் கசையடி படும் இடத்திற்கும் ஏலத்தில் விற்கப்படும் இடத்திற்கும் மகனை அழைத்துச் சென்று காட்டினார் என்று அக்குடும்பத்தார் வழிவழியாகக் கூறி வந்துள்ளனர். துன்பத்தைப் பிள்ளையின் கண்ணில் படாமல் மறைப்பதே தாய்மையின் இயல்பு. அதைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று காட்ட வேண்டிய நிலை ஒரு தாய்க்கு வாய்த்ததென்றால், அச்சமுதாயத்தின் கொடுமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பன்னிரண்டாம் வயதில், 1851 இல், ஸ்மால்ஸ் சார்ல்ஸ்டன் நகருக்கு அனுப்பப்பட்டார். அடிமையைப் பிறரிடம் வேலைக்கு விட்டு அவன் கூலியை ஆண்டை பெற்றுக்கொள்ளும் வழக்கம் அக்காலத்தில் அங்கே இருந்தது. ஸ்மால்ஸ் உணவு விடுதியில் பரிமாறினார், தெரு விளக்கு ஏற்றினார், துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கினார், பாய்மரத்திற்குக் கயிறு கட்டினார், பாய் தைத்தார். வாரத்திற்கு ஒரு டாலர் அவர் கைக்கு வந்தது. நாளடைவில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் மணல் திட்டுகளும் நீரோட்டங்களும் கால்வாய்களும் அவருக்கு மனப்பாடமாயின. கப்பலை அவற்றினூடே செலுத்தும் திறமும் கைவந்தது. ஆயினும் மீகாமன் என்ற பெயர் வெள்ளையர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. அத்தொழிலையே செய்த கறுப்பருக்குச் சுக்கான் பிடிப்பவன் என்ற பெயரே வழங்கிற்று. தொழில் ஒன்று, பெயர் இரண்டு. இப்பெயர் வேற்றுமை வெறும் சொல்லளவில் நின்றுவிடவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

எண்ணூறு டாலர்

1856 டிசம்பர் 24 ஆம் நாள் ஸ்மால்ஸ், ஹன்னா ஜோன்ஸ் என்ற பெண்ணை மணந்தார். ஹன்னா விடுதியொன்றில் அறைப் பணி செய்த அடிமை. வேறொரு ஆண்டைக்கு உரியவர். கணவரினும் சில ஆண்டு மூத்தவர். முன்னரே பெண்மக்கள் உடையவர். ஸ்மால்ஸுக்கு அப்போது வயது பதினேழு. இருவரும் தத்தம் ஆண்டையரிடம் இசைவு பெற்றுத் தனியே குடித்தனம் நடத்தினர். அதற்கு ஈடாக ஸ்மால்ஸ் மாதம் 15 டாலர் தம் ஆண்டைக்குக் கட்டிவிட்டு, மிகுந்ததைக் கொண்டு வாழ வேண்டியிருந்தது.

அடிமைகளின் திருமணத்தை அந்நாட்டுச் சட்டம் ஏற்பதில்லை. அது ஆண்டையின் இசைவு உள்ளவரை நீடிக்கும் ஓர் ஏற்பாடு மட்டுமே. பிறக்கும் குழந்தை தாயின் ஆண்டைக்கு உடைமையாகும். 1858 இல் மூத்த மகள் எலிசபெத் பிறந்தாள். தொட்டிலில் கிடந்த அக்குழந்தை தனக்கு உரியதன்று, என்றைக்கு வேண்டுமானாலும் எவர் கைக்கும் விற்கப்படலாம் என்ற எண்ணம் இளந்தந்தையை வாட்டிற்று. ஹன்னாவின் ஆண்டையிடம் சென்று மனைவியையும் மகளையும் தாமே விலைக்கு வாங்கிக்கொள்வதாக ஸ்மால்ஸ் பேசினார். விலை 800 டாலர் என்று முடிவாயிற்று.

இந்த எண்ணைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். மாதம் 15 டாலர் ஆண்டைக்குப் போனபின், துறைமுகத்தில் சிறு வணிகம் செய்து சில்லறை சில்லறையாகச் சேர்த்தவர் அவர். 1861 இல் ஆண் குழந்தை ஒன்றும் பிறந்தது. தந்தையின் பெயரையே அதற்கு இட்டனர். சேமிப்பு நிறைவதற்குள் அந்நாட்டையே போர் சூழ்ந்துகொண்டது.

அடிமை முறையைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தென்னக மாநிலங்கள் ஒன்றியத்திலிருந்து பிரிந்து தனிக் கூட்டரசு கண்டன. 1861 ஏப்ரலில் போரின் முதற்குண்டு வெடித்த இடம் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் சம்டர் கோட்டையே. அவ்வாண்டு நவம்பரில் வடபுல ஒன்றியத்தின் கடற்படை போர்ட் ராயல் பகுதியைக் கைப்பற்றிற்று. ஸ்மால்ஸ் பிறந்த பியூஃபர்ட் ஊரும் ஒன்றியத்தின் ஆட்சிக்குள் வந்தது. வெள்ளையர் ஊரைவிட்டு ஓடினர். சார்ல்ஸ்டனுக்கு வெளியே முற்றுகையிட்டு நின்ற ஒன்றியக் கப்பல்களைச் சுக்கான் பிடிப்பவர் ஒவ்வொரு நாளும் தம் கண்ணாலேயே கண்டுகொண்டிருந்தார். அடிமைத்தனத்திற்கும் விடுதலைக்கும் இடையே அவருக்கு நன்கு பழகிய சில மைல் நீர்ப்பரப்பே இருந்தது.

விடியலுக்கு முன்

'பிளாண்டர்' 1860 இல் சார்ல்ஸ்டனில் கட்டப்பட்ட நீராவிக் கப்பல். 147 அடி நீளம். இருபுறமும் சுழலும் சக்கரங்கள். 1,400 பொதி பருத்தி கொள்ளும். ஆழமற்ற நீரிலும் எளிதில் செல்லும் ஆதலால், தென்னகப் படை அதனை வாடகைக்கு அமர்த்தித் துருப்புகளையும் பீரங்கிகளையும் கொண்டு செல்லப் பயன்படுத்தியது. காப்டன் முதலிய அதிகாரிகள் மூவரும் வெள்ளையர். ஏனைய பணியாளர் அடிமைகள். அவர்களுள் சுக்கான் பிடித்தவர் ஸ்மால்ஸ்.

இரவிலும் அதிகாரிகள் கப்பலை விட்டு நீங்கலாகாது என்பது படைத்தலைமையின் ஆணை. ஆனால் காப்டன் ரெல்யேயும் மற்ற இருவரும் அவ்வப்போது கரையிறங்கித் தம் வீடுகளில் தங்கிவிடுவதுண்டு. அடிமைகள் தாமாக ஒரு கப்பலைச் செலுத்திவிடக்கூடும் என்ற எண்ணமே அவர்களுக்குத் தோன்றவில்லை போலும். ஒருநாள் கப்பல் ஆட்களில் ஒருவர் காப்டனின் அகன்ற வைக்கோல் தொப்பியை விளையாட்டாக ஸ்மால்ஸின் தலையில் வைத்து, இருவர்க்கும் உருவ ஒற்றுமை இருப்பதாகக் கூறிச் சிரித்தாராம். மற்றவர் சிரித்து மறந்தனர். ஸ்மால்ஸ் மறக்கவில்லை.

திட்டத்தை ஹன்னாவிடம் சொன்னபோது, பிடிபட்டால் என்ன ஆகும் என்பதையும் ஸ்மால்ஸ் மறைக்கவில்லை. ஆண்களுக்குச் சாவு உறுதி. பெண்களும் குழந்தைகளும் பிரித்து விற்கப்படுவர். ஹன்னா உடன்பட்டார். கணவன் சாகும் இடத்தில் தானும் சாவது என்று துணிந்தார். கப்பலிலிருந்தோர் யாவரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தனர். அகப்பட நேர்ந்தால் கப்பலைத் தாமே மூழ்கடித்துவிடுவது, உயிரோடு ஒருவரும் கரை திரும்புவதில்லை என்பதே அம்முடிவு. திட்டத்தைக் கடைசி வேளையில் அறிந்த பெண்கள் சிலர் அழுது அரற்றினர் என்பர். அதில் வியப்பில்லை. சிலர் அஞ்சிப் பின்தங்கினர். அவர்களைப் பழிப்பதற்கும் நமக்கு உரிமை இல்லை.

1862 மே 12 ஆம் நாள் 'பிளாண்டர்' நான்கு பெரிய பீரங்கிகளை ஏற்றிக்கொண்டது. மறுநாள் துறைமுகக் காவலரண் ஒன்றில் அவற்றைச் சேர்ப்பிக்க வேண்டும். அன்றிரவு அதிகாரிகள் மூவரும் கரையேறிச் சென்றனர். 13 ஆம் நாள் பின்னிரவு மூன்று மணியளவில் ஸ்மால்ஸ் கொதிகலனில் தீ மூட்டச் செய்து, தென்னகக் கொடியை உயர்த்தி, கப்பலைத் துறைமேடையிலிருந்து விலக்கினார். கப்பல் நேரே கடலுக்குச் செல்லவில்லை. முதலில் பின்னோக்கி வேறொரு துறைமேடைக்குச் சென்றது. அங்கே மற்றொரு கப்பலில் ஒளிந்திருந்த பெண்களும் குழந்தைகளும் ஏறிக்கொண்டனர். போர்த்தந்திரம் ஒன்றையே கருதுபவர் இவ்வாறு செய்திரார். ஒவ்வொரு நொடியும் அரிதாக இருந்த நேரத்தில் கடலுக்கு முதுகு காட்டித் திரும்பியதொன்றே, அப்பயணம் எதற்காக என்பதைக் காட்டிவிடுகிறது. ஆண்கள் எண்மர், பெண்கள் ஐவர், குழந்தைகள் மூவர் ஆகப் பதினாறு உயிர்கள் அக்கப்பலில் இருந்தன. ஹன்னாவும், நான்கு வயது எலிசபெத்தும், கைக்குழந்தையாகிய மகனும் அவர்களுள் அடங்குவர்.

வழியில் காவலரண்கள் பல. ஒவ்வொன்றையும் கடக்கும்போது நீராவி ஊதலால் உரிய அடையாள ஒலி எழுப்ப வேண்டும். அவ்வொலிகளை ஸ்மால்ஸ் நன்கறிவார். விரைந்து ஓட்டினால் ஐயம் எழும் என்று கப்பலை வழக்கமான வேகத்திலேயே செலுத்தினார். காப்டனின் வைக்கோல் தொப்பியை அணிந்து, அவர் நிற்கும் பாங்கிலேயே நின்றார். சம்டர் கோட்டையை அணுகியபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிட்டது. கோட்டையைச் சற்றுத் தொலைவில் சுற்றிச் செல்லலாம் என்று உடனிருந்தோர் வேண்டினர். ஸ்மால்ஸ் இணங்கவில்லை, வழக்கமான வழியை விட்டு விலகினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்பதை உணர்ந்திருந்தார். ஊதல் ஒலித்தது. கோட்டையிலிருந்து செல்லலாம் என்ற விடை வந்தது. பீரங்கியின் எல்லையைக் கடந்தபின்னரே கப்பல் வேகம் எடுத்தது. கோட்டையிலிருந்தோர் உண்மையை உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டது.

இடர் அத்துடன் தீரவில்லை. எதிரே நின்ற ஒன்றியக் கப்பலாகிய 'ஆன்வர்ட்' தன்னை நோக்கி வரும் தென்னகக் கப்பலின்மீது சுடுவதற்கு ஆயத்தமாயிற்று. தென்னகக் கொடி இறக்கப்பட்டு வெள்ளைக் கொடி ஏற்றப்பட்டது. கொடியென்று கூறினும் அது ஒரு படுக்கை விரிப்பே. விடுதியில் படுக்கை விரித்துப் பிழைத்த ஹன்னா கொண்டுவந்தது என்பர். காலை ஒளியில் அவ்வெண்மை கண்ணில் பட்டதால் பீரங்கிகள் ஓய்ந்தன. ஸ்மால்ஸுக்கு அன்று வயது இருபத்து மூன்று.

கப்பலும் பீரங்கிகளும் மட்டுமா கிடைத்தன? அடையாளக் குறிப்புகள் அடங்கிய ஏடும் கிடைத்தது. துறைமுகத்தின் கண்ணிவெடிகள், அரண்கள் பற்றி ஸ்மால்ஸ் நெஞ்சில் கொண்டுவந்த செய்திகள் அவற்றினும் பெரியவை. கோல்ஸ் தீவைத் தென்னகப் படை கைவிட்டுவிட்டது என்பதை அவர் வாயிலாக அறிந்த ஒன்றியத்தார் சில நாள்களில் அதனைக் கைக்கொண்டனர். கடற்படைத் தலைவர் டூ பாண்ட், இதுவரை தம் பக்கம் வந்துசேர்ந்தோர் எவரினும் இவர் மேம்பட்டவர் என்று மேலிடத்திற்கு எழுதினார். மே 30 இல் அமெரிக்கப் பேரவை பரிசுத் தொகைக்குச் சட்டம் இயற்றியது. ஸ்மால்ஸின் பங்கு 1,500 டாலர். கப்பலுக்கு இட்ட மதிப்பு ஏறத்தாழ 9,000 டாலர்தான். உண்மை மதிப்பு அதனினும் பன்மடங்கு என்பதை இருபது ஆண்டுகள் கழித்துப் பேரவைக் குழுவே ஒப்புக்கொண்டது.

பணியும் இழப்பும்

விடுதலை பெற்ற குடும்பத்துடன் ஸ்மால்ஸ் அமைதியாக ஒதுங்கியிருக்கலாம். அவ்வாறிராமல் ஒன்றியக் கடற்படைக்கு மீகாமனாகப் பணிபுரியத் தொடங்கினார். 1862 ஆகஸ்டில் வாஷிங்டன் சென்று, கறுப்பினத்தாரைப் படையில் சேர்க்க வேண்டும் என்று ஆட்சியாளரிடம் வலியுறுத்திய குழுவில் இடம்பெற்றார். போர்ட் ராயல் பகுதியில் 5,000 பேர் வரை சேர்க்கலாம் என்ற ஆணை அதனையடுத்துப் பிறந்தது. 1863 ஏப்ரல் 7 இல் சம்டர் கோட்டையைத் தாக்கிய இரும்புக் கவசக் கப்பல்களுள் 'கியோகக்' என்பதைச் செலுத்தியவர் ஸ்மால்ஸ். தொண்ணூறு தடவைக்கு மேல் குண்டடிபட்ட அக்கப்பல் மறுநாள் மூழ்கியது. அவர் உயிர் தப்பினார். போர் முடிவதற்குள் பதினேழு மோதல்களில் அவர் பங்கு கொண்டார் என்று கணக்கிட்டுள்ளனர்.

1863 ஆம் ஆண்டின் இறுதியில் 'பிளாண்டர்' எதிரிகளின் கடுந்தாக்குதலுக்கு உள்ளாகியபோது, அதன் வெள்ளைக் காப்டன் கரிக்கிடங்கிற்குள் ஒளிந்துகொண்டார். ஸ்மால்ஸ் பொறுப்பேற்றுக் கப்பலை மீட்டார். அக்கப்பலுக்கே அவர் காப்டனாக்கப்பட்டார். மாத ஊதியம் 150 டாலர். அமெரிக்க அரசின் பணியிலிருந்த கப்பலுக்குத் தலைமையேற்ற முதற் கறுப்பினத்தவர் அவர் என்று போற்றப்படுகிறார்.

இப்பெருமைகளின் நடுவே, கைக்குழந்தையாகக் கப்பலேறிய மகன் இரண்டு வயதளவில் இறந்துபோனான். போர் வரலாறுகள் இதனை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எந்தப் பிள்ளை எவர் உடைமையும் ஆகலாகாது என்று உயிரைப் பணயம் வைத்தாரோ, அப்பிள்ளையை விடுதலை மண்ணில் புதைத்தார் அத்தந்தை. அவ்வாண்டு டிசம்பரில் சாரா என்ற மகள் பிறந்தாள். அக்குடும்பத்தில் பிறப்பிலேயே உரிமை பெற்ற முதற் குழந்தை அவளே.

1864 இல் கப்பல் பழுதுபார்க்கப்பட்ட காலத்தில் ஸ்மால்ஸ் பிலடெல்பியாவில் தங்கினார். இருபத்தைந்து வயதில் அங்கேதான் எழுத்தறிவு பெற்றார். அதே நகரில் டிராம் வண்டியில் ஒரு வெள்ளையர்க்கு இடம் விட்டு வெளியே நிற்குமாறு பணிக்கப்பட்டார். வெளியே நிற்பதினும் நடந்து போவது மேல் என்று வண்டியை விட்டு இறங்கினார். கடற்படை வீரர் ஒருவரை நகரம் இவ்வாறு நடத்தியது பேச்சுப் பொருளாயிற்று. 1867 இல் பென்சில்வேனியா மாநிலம் பொது வண்டிகளில் நிறவேற்றுமையைச் சட்டத்தால் விலக்கியது.

வாங்கிய வீடு

போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே பியூஃபர்ட்டில் வரி செலுத்தப்படாத சொத்துகளை ஒன்றிய அரசு ஏலத்தில் விற்றது. பிரின்ஸ் தெருவிலிருந்த மக்கீ இல்லமும் அவற்றுள் ஒன்று. அதன் பின்கட்டில் பிறந்தவர், கப்பலால் பெற்ற பணத்தைக் கொண்டு அவ்வில்லத்தை வாங்கினார். தாயார் லிடியாவும் அங்கே மகனோடு வாழ்ந்தார். ஏவல் கேட்டு நடந்த கூடங்களில் வீட்டுத் தலைவரின் தாயாக அவர் நடமாடியதை எண்ணிப் பார்க்கிறோம்.

மக்கீ குடும்பத்தார் போருக்கு முன்னரே அவ்வீட்டை வேறொருவர்க்கு விற்றிருந்தனர். அவ்வழியினர் வீடு தமக்கே உரியது என்று வழக்குத் தொடுத்தனர். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1878 ஆம் ஆண்டு வழக்குத் தொகுதியில் இடம்பெற்ற அத்தீர்ப்பு ஸ்மால்ஸின் பக்கமே அமைந்தது. அவர் ஒருவரின் வீட்டை மட்டும் அத்தீர்ப்பு காக்கவில்லை; அவ்வகை ஏலங்களில் சொத்து வாங்கிய பிறர்க்கும் அரணாயிற்று.

அவ்வீட்டைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்று உண்டு. பழைய ஆண்டையின் மனைவி முதுமையில் அறிவு மயங்கிய நிலையில் அங்கே வந்து, அது இன்னும் தம் இல்லமே என்று நினைத்து உள்ளே புகுந்தாராம். ஸ்மால்ஸ் அவரை வெளியேற்றவில்லை. அவர் பழகிய அறையிலேயே தங்கவைத்துப் பேணினார் என்று குடும்பத்தார் கூறி வந்துள்ளனர். இதனை அடிமையின் விசுவாசம் என்று கொள்வோரும் உளர். நாம் அவ்வாறு கொள்ள மாட்டோம். வீட்டுக்கு உரியவரே வந்தவர்க்கு இடம் அளிக்க முடியும். அவ்வுரிமை அப்போது யாரிடம் இருந்தது என்பதே கருதத்தக்கது.

கல்வி கிடைக்காமல் வளர்ந்த ஸ்மால்ஸ் பிறர் கல்விக்குச் செய்தவை பல. 1867 இல் பியூஃபர்ட்டில் ஒரு கட்டடத்தை வாங்கிக் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிக்கு உதவினார். 1868 இல் தென் கரோலினாவின் புதிய அரசியலமைப்பை வகுத்த மாமன்றத்தில் உறுப்பினராகி, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுக்கல்வி வேண்டும் என்று வாதிட்டார். தம் மகள் எலிசபெத்தை மாசசூசெட்ஸ் மாநிலத்திற்கு அனுப்பிப் படிக்கவைத்தார். பின்னாளில் அம்மகள் தந்தைக்குச் செயலராகவும், பியூஃபர்ட் அஞ்சல் நிலையத் தலைவராகவும் பணிபுரிந்தார். எண்ணூறு டாலர்ப் பேரத்தில் விலை பேசப்பட்ட குழந்தை அவர் என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை.

மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் இருந்த ஸ்மால்ஸ், 1875 முதல் 1887 வரையிலான காலத்தில் இடையிடையே ஐந்து முறை அமெரிக்கப் பேரவையில் உறுப்பினராக இருந்தார். இடையில் ஒரு கறையும் உண்டு. அதனை மறைத்தல் தகாது. 5,000 டாலர் கையூட்டுப் பெற்றார் என்று 1877 இல் அவர்மீது குற்றம் தீர்க்கப்பட்டது. கறுப்பினத் தலைவர்களை ஒழிக்க வெள்ளையர் கட்சி முனைந்து நின்ற காலம் அது. 1879 இல் எதிர்க்கட்சி ஆளுநரே அவர்க்கு மன்னிப்பு வழங்கினார். மறுபுறம் தேர்தல் முறைகேட்டில் சிக்கிய வெள்ளையர் மீதான வழக்குகளும் அப்போது கைவிடப்பட்டன. இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவார்க்கு அவ்வழக்கின் இயல்பு விளங்கும்.

1883 ஜூலையில் ஹன்னா மறைந்தார். ஏழாண்டுகள் கழித்து ஸ்மால்ஸ், பள்ளி ஆசிரியையாகிய ஆனி விக் என்பவரை மணந்தார். 1892 இல் வில்லியம் என்ற மகன் பிறந்தான். 1895 இல் ஆனியும் காலமானார். கறுப்பினத்தாரின் வாக்குரிமையைப் பறிப்பதற்கென்றே தென் கரோலினாவில் அரசியலமைப்பு மாமன்றம் கூடியதும் அவ்வாண்டிலேயே. அதில் இடம்பெற்ற கறுப்பின உறுப்பினர் அறுவர். ஸ்மால்ஸ் அவர்களுள் முதியவர்களில் ஒருவர். தாம் 1868 இல் உடனிருந்து வகுத்த உரிமைகள் ஒவ்வொன்றாக நீக்கப்படுவதைக் கண்டு, அவர் எழுந்து எழுந்து வாதிட்டார். முடிவில் கையெழுத்திட மறுத்தார். கையெழுத்திடாதவர்க்குப் படி வழங்கலாகாது என்று பேச்செழுந்தபோது, நடந்தே ஊர் போய்ச் சேர்வேனே அன்றிக் கையெழுத்திடேன் என்ற கருத்தில் விடை பகர்ந்தார் என்பர். பிலடெல்பியாவில் வண்டியை விட்டிறங்கி நடந்தவர்க்கு அது புதிதன்று. ஐம்பத்தாறு வயதில், வாக்குரிமை இழந்த ஊரில், தாயற்ற மூன்று வயதுச் சிறுவனை வளர்க்கும் பொறுப்புடன் வீடு திரும்பினார்.

முப்பது டாலர்

ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரிகள் பட்டியலில் காப்டன் தரத்தில் ஸ்மால்ஸைச் சேர்க்க வேண்டும் என்ற மசோதா 1883 இல் பேரவையின் முன் வந்தது. குழு அதனைப் பரிந்துரைத்தது. ஆயினும் அது நிறைவேறவில்லை. முறையான நியமன ஆணை அரசு ஏடுகளில் இல்லை என்பது தடை. குண்டு மழையில் கப்பலைச் செலுத்தியபோது எவரும் அவ்வாணையைக் கேட்கவில்லை. ஓய்வுக்காலம் வந்தபோது கேட்டனர். அவர் கறுப்பினத்தவர் என்பதே மெய்யான தடை என்று கருதுவோர் உளர். சுக்கான் பிடிப்பவன் என்றும் மீகாமன் என்றும் பண்டு பிரித்து வழங்கிய வேற்றுமை அடிமைமுறை ஒழிந்த பின்னும் இவ்வாறு தொடர்ந்தது.

1897 இல்தான் தனிச் சட்டத்தின் வாயிலாக மாதம் 30 டாலர் ஓய்வூதியம் வழங்கப்பட்டது. அது கடற்படைக் காப்டனுக்குரிய ஓய்வூதியத்திற்கு இணையானது. அடிமையாக இருந்தபோது மாதந்தோறும் ஆண்டைக்கு 15 டாலர் கட்டியவர்க்கு, நாடு அளித்தது அதன் இருமடங்கு. 'பிளாண்டர்' கப்பலுக்குரிய பரிசை 5,000 டாலராக உயர்த்த 1900 இல் இசைந்தபோதும், முன்னர்க் கொடுத்த 1,500 டாலரை மறவாமல் கழித்துக்கொண்டனர். அக்கப்பலோ 1876 இலேயே கடலில் சிதைந்துவிட்டது.

1889 முதல் பியூஃபர்ட் துறைமுகத்தின் சுங்கவரி அதிகாரியாகவும் ஸ்மால்ஸ் பணியாற்றினார். இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக 1913 வரை அப்பதவியில் இருந்தார். வாஷிங்டனில் ஆட்சி மாறியதும் அதுவும் போயிற்று. நீரிழிவும் மலேரியாவும் உடலை நலித்தன. மகள் சாரா இசை ஆசிரியையாகவும், எலிசபெத் பேரப்பிள்ளைகள் பலரோடும் விளங்கக் கண்ட அவர், 1915 பிப்ரவரியில், எழுபத்தைந்தாம் வயதில், பிரின்ஸ் தெரு இல்லத்தில் உயிர் நீத்தார். பியூஃபர்ட் டாபர்னக்கிள் பாப்டிஸ்ட் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

2004 இல் அமெரிக்கத் தரைப்படை தன் கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது. தென்னகப் படை வென்ற சான்சலர்ஸ்வில் போர்க்களத்தின் பெயரைத் தாங்கியிருந்த ஏவுகணைக் கப்பலுக்கு, 2023 இல் கடற்படை அப்பெயரை நீக்கி இராபர்ட் ஸ்மால்ஸ் என்று பெயரிட்டது. பின்கட்டுக் குடில் இருந்த மனையில் அந்த இல்லம், தேசிய வரலாற்றுச் சின்னமாகக் காக்கப்பட்டு வருகிறது.